மெம்பரேனை மாற்றும் முன்: வீட்டு ஆர்ஓ மெஷின் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

"மெம்பரேன் போயிடுச்சு சார், மாத்திடலாம்." மூடியைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்துவிடும். மெம்பரேன் என்பது உப்பைத் தடுக்கும் சவ்வு, மெஷினுக்குள் விலை கூடிய சாமான்களில் அதுவும் ஒன்று. எங்கள் வீட்டில் எட்டு மாதத்துக்குள் இரண்டு மெம்பரேன் மாற்றினோம். உண்மையில் போயிருந்தது சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது தெரிந்த நாளிலிருந்து, போனை எடுப்பதற்கு முன் நானே ஒருமுறை பார்த்துவிடுகிறேன். நான் சர்வீஸ் ஆள் இல்லை. சென்னையில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் பிளாட்டில் குடியிருப்பவன், அவ்வளவுதான். இப்போது மாடி முழுக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

முதலில் தண்ணீர் போகும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து வரும் தண்ணீர் வெளியே தொங்கும் வெள்ளை நூல் கேண்டிலில் மண்ணைக் கழிக்கும். அடுத்து கார்பன், அங்கே குளோரினும் வாடையும் போகும். பிறகு எஸ்வி என்று மெக்கானிக்குகள் சொல்லும் சோலினாய்டு வால்வு, மெஷின் ஓடும்போது மட்டும் திறக்கும். அடுத்து பம்பு, அடுத்து மெம்பரேன். மெம்பரேனிலிருந்து இரண்டு டியூப் புறப்படும். ஒன்றில் நல்ல தண்ணீர். அது இன்னொரு சின்ன கார்பன், கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு எல்லாம் தாண்டி டேங்குக்குப் போகும். மற்றதில் கழிவுத் தண்ணீர். அது எஃப்ஆர் என்ற ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் வழியாக வெளியேறும். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை கொஞ்சம் மாறும், கதை ஒன்றுதான்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டுவது), ஒரு லிட்டர் பாட்டில், செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச். மெஷின் நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் உட்கார்ந்து ஐந்து எண்களை எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ், வெளியே வரும் நல்ல தண்ணீரின் டிடிஎஸ், கழிவின் டிடிஎஸ், நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் நிரம்பும் நேரம், கழிவு ஒரு லிட்டர் நிரம்பும் நேரம். கடைசி இரண்டையும் யாரும் அளப்பதில்லை. ஆனால் பாதிப் பழுதுகளை அவைதான் காட்டிக்கொடுக்கும்.

எடுத்துக்காட்டாக, 80 ஜிபிடி (நாளுக்கு 80 காலன்) மெம்பரேன் என்றால் நாளுக்குச் சுமார் 300 லிட்டர் என்று கணக்கு. அது சோதனைச் சாலையில். வீட்டில் ஒரு லிட்டருக்கு 5 முதல் 7 நிமிடம் ஆனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிவுப் பக்கம் எஃப்ஆர் மேலேயே 300, 450 என்று எழுதியிருக்கும். அது நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்ற கணக்கு. 450 என்றால் ஒரு லிட்டர் இரண்டேகால் நிமிடத்தில் நிரம்ப வேண்டும். 300 என்றால் மூன்றேகால் நிமிடத்துக்கும் சற்று மேல்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், இன்லெட் வால்வை மூடுங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனைக்கு மட்டும், ஈரமில்லாத கையால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

மெஷின் ஓடவே இல்லை, லைட்டும் எரியவில்லை

சிரிக்காதீர்கள், முதலில் பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அங்கே கரண்ட் இருந்தால் சந்தேகம் அடாப்டர் மேல் போகும். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் பம்பும் எஸ்வியும் 24 வோல்ட்டில் ஓடுபவை. மல்டிமீட்டர் இருந்தால் அடாப்டரின் வெளி முனையில் அந்த 24 வருகிறதா என்று பார்க்கலாம்.

லைட் எரிகிறது, பம்பு மட்டும் ஓடவில்லை என்றால் டேங்கு நிரம்பியிருக்கலாம், அல்லது நிரம்பியதாக ஃப்ளோட் என்ற மிதவை பொய் சொல்லலாம். மூடியைத் திறந்து ஃப்ளோட்டை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். அதிலும் வழிக்கு வரவில்லையா? சில மாடல்களில் உள்ளே தண்ணீர் அழுத்தம் இல்லாவிட்டால் பம்பை ஓடவிடாத ஒரு சுவிட்ச் உண்டு. மொட்டை மாடித் தொட்டி காலியாக இருந்தால் மெஷின் செத்ததுபோல் நிற்கும். மே மாதம் எங்கள் பிளாட்டில் வரும் "ஆர்ஓ ரிப்பேர்" புகார்களில் நிறைய இந்த வகைதான்.

ஓடுகிறது, ஆனால் டேங்கு நிரம்ப மாட்டேன் என்கிறது

அதிகமாக வரும் தொல்லை இதுதான், மெம்பரேன் மேல் பழி விழுவதும் இங்கேதான். கழிவு டியூபைப் பாட்டிலுக்குள் விட்டு நேரம் பாருங்கள்.

கழிவும் வரவில்லை, நல்லதும் வரவில்லை அல்லது இரண்டுமே சொட்டுகிறது என்றால் கோளாறு மெம்பரேனுக்கு முன்னால் இருக்கிறது. மெம்பரேனை மறந்துவிட்டு, பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பம்புக்குள் நுழையும் டியூபைக் கழற்றி, மெஷினை ஆன் செய்து ஒரு வாளியில் விடுங்கள். அங்கே தண்ணீர் பாய்ந்து வந்தால் பம்புதான் களைத்துவிட்டது. வரவில்லையா? எஸ்விக்கு முந்தைய டியூபைக் கழற்றுங்கள். அங்கே வந்து, எஸ்வியைத் தாண்டி வராவிட்டால் எஸ்வி திறக்கவில்லை. ஆன் செய்யும்போது 'டக்' என்று சத்தம் வரவேண்டும், மேலே ஸ்குரூ டிரைவரை வைத்தால் லேசாகக் காந்தம் இழுக்கும். அங்கேயும் வராவிட்டால் கேண்டில்.

கேண்டிலை வெளியே எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போட்டபோது தும்பைப்பூ, மூன்று மாதம் கழித்து, செம்மண்ணில் புரண்ட கன்றுக்குட்டி. விரலால் தேய்த்தால் வழுவழுவென்று காவி ஒட்டும். அதைக் குழாயடியில் கழுவி மறுபடி போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மேல்தோல் வெள்ளையாகும், உள்ளே போன மண் போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அட்டையில் இருக்கும். போர் தண்ணீரில் அதையெல்லாம் நம்ப வேண்டாம். கேண்டில் இருக்கும் கிண்ணத்தின் வழியே நிறம் தெரியும்போது மாற்றிவிடுங்கள். விலையும் பெரிதாக இல்லை.

கழிவு குபுகுபுவென்று வருகிறது, லிட்டர் ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடுகிறது, நல்ல தண்ணீர் மட்டும் இல்லை என்றால் எஃப்ஆர் பழுது. நான் முதலில் சொன்ன சுண்டுவிரல் துண்டு இதுதான். இதன் வேலையே கழிவின் கழுத்தைப் பிடித்து, மெம்பரேனுக்குள் அழுத்தம் ஏறவைப்பது. பிடி தளர்ந்தால், சாவித்துவாரம் போதும் என்ற இடத்தில் கதவையே திறந்துவிட்ட கதை. தண்ணீருக்கு மெம்பரேனுக்குள் நுழைய அவசியமே இல்லாமல் போகும். கழிவு டியூபை ஐந்து விநாடி மடித்துப் பிடியுங்கள். பம்பின் சத்தம் கனத்து, நல்ல தண்ணீர் உடனே கூடினால் பம்பும் சரி, மெம்பரேனும் சரி. எஃப்ஆரை மட்டும் மாற்றுங்கள், அதே எண் உள்ளதாகப் பார்த்து.

கழிவு அளவாக வருகிறது, நல்லது மட்டும் குறைவு என்றால் இப்போது மெம்பரேனைச் சந்தேகப்படலாம். அதற்கும் முன் ஒரு சோதனை பாக்கி. மெம்பரேனின் நல்ல தண்ணீர் வாயிலில் டியூபைக் கழற்றி, அங்கேயே நேரம் பாருங்கள். அங்கே ஐந்து நிமிடத்தில் லிட்டர் நிரம்பினால், அடைப்பு அதற்குப் பிறகு வரும் சின்ன கார்பனிலோ, யூஎஃப் என்ற நுண்வடிகட்டிக் குழல் இருந்தால் அதிலோ இருக்கிறது. அங்கேயும் குறைந்தால்தான் மெம்பரேனில் உப்புப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். மார்கழியில் கொஞ்சம் குறைவது பழுதே இல்லை. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் வரத்து சுமார் 3 சதவீதம் குறையும்.

எதிர்வீட்டு அக்கா ஒரு நாள், "தம்பி, எங்க வீட்டுல கழிவே வரமாட்டேங்குது, ரொம்ப நல்ல மெஷின்" என்றார். கழிவு குறைந்தால் பெருமைப்படக் கூடாது. எஃப்ஆரில் அடைப்பு. வெளியேற வேண்டிய உப்பு உள்ளேயே சுற்றி மெம்பரேன் மேல் காறைபோல் படியும். அன்றே கவனித்ததால் அந்த மெம்பரேன் பிழைத்தது.

தண்ணீர் உப்புக் கரிக்கிறது, டிடிஎஸ் ஏறிவிட்டது

காலையில் பிடிக்கும் முதல் டம்ளரை அளந்துவிட்டுப் பதற வேண்டாம். மெஷின் இரவு முழுக்கச் சும்மா இருக்கும்போது உப்பு மெதுவாக மெம்பரேனைத் தாண்டி நல்ல பக்கம் கசியும். பத்து நிமிடம் ஓடவிட்டு அளங்கள், அதுவும் டேங்குக் குழாயில் அல்ல, மெம்பரேன் வாயிலில். ஏனென்றால் பல மெஷின்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும். அது ஆர்ஓவுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து நல்ல தண்ணீரில் கலக்கும். கடைசியாக வந்தவர் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால், புது மெம்பரேன் போட்டும் தண்ணீர் கரிக்கும். போர் தண்ணீர் 1200 இருக்கும் வீட்டில் அந்த ஸ்குரூவை முழுக்க மூடிவிடுவதே சரி என்பது என் கட்சி. கலக்கும் தண்ணீர் மெம்பரேனைத் தாண்டாதது. அதில் என்ன இருந்தாலும் அப்படியே வரும்.

மெம்பரேன் வாயிலிலேயே எண் கூடியிருந்தால் கணக்குப் போடுங்கள். உள்ளே 1200, வெளியே 80 என்றால் 93 சதவீத உப்பு கழிகிறது, நல்ல நிலை. வெளியே 240 என்றால் கழிவது 80 சதவீதம்தான், மெம்பரேனுக்கு வயதாகிவிட்டது. வெளி எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேற்று வரை மெட்ரோ வாட்டர் வந்த சம்ப்பில் இன்று போர் தண்ணீர் ஏறியிருந்தால் வெளி எண் தானாகக் கூடும். மெஷின்மேல் தப்பில்லை. புது மெம்பரேன் போட்ட அன்றே எண் கூடுதலாக இருந்தால், உறைக்குள் அதன் ரப்பர் வளையம் மடங்கி உட்கார்ந்திருக்கும். கழற்றி, வளையத்தைத் தண்ணீரில் நனைத்து, நேராக அழுத்திப் போடுங்கள்.

நல்லாயிருந்த மெம்பரேன் திடீரென்று உப்பை விட ஆரம்பித்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி: சம்ப் கழுவினீர்களா? எங்கள் பிளாட்டில் ஒரு வருடம் சம்ப் கழுவிய ஆள்கள் பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மாதம் மட்டும் மூன்று வீட்டில் மெம்பரேன் போனது. மூன்று வீட்டிலும் கார்பன் மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கார்பன் தேய்ந்தால் குளோரின் தப்பி வந்து மெம்பரேனைத் தின்றுவிடும்.

இதற்குப் பின்னால் ஒரு கண்டுபிடிப்புக் கதை உண்டு. 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, உப்புத் தண்ணீரைப் பயன்படும் வேகத்தில் வடிகட்டும் முதல் மெம்பரேனைச் செய்தார்கள். (சௌரிராஜன் என்றதும் எனக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள்தான் நினைவுக்கு வருவார்.) 1965இல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூருக்கு அதே முறையில் குடிதண்ணீர் கிடைத்தது. அந்த மெம்பரேன் செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளால் ஆனது. அழுத்தம் நிறையக் கேட்கும், ஆனால் குளோரினைக் கொஞ்சம் தாங்கும். 1970களின் கடைசியில் ஜான் கடோட் என்பவர் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகையில் மிக மெல்லிய தோல் ஒன்றைச் செய்தார். தலைமுடியின் பருமனில் முந்நூறில் ஒரு பங்குகூட வராது. குறைந்த அழுத்தமே போதும் என்பதால்தான் இன்று சமையலறைச் சுவரில் தொங்குகிற அளவுக்கு மெஷின் சுருங்கியது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குவதும் இந்த ஆர்ஓ முறைதான். ஆனால் அந்தத் தோலுக்குக் குளோரின் ஆகவே ஆகாது. கார்பன் மெஷினில் இருப்பது வாடைக்காக மட்டும் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும். சம்ப் கழுவும் நாளில் இன்லெட் வால்வை மூடிவிடுங்கள், மருந்து வாடை முழுக்கப் போனபிறகு திறங்கள்.

உள்ளே வரும் தண்ணீரே 300, 400தான் என்றால் இந்தத் தலைவலி எதற்கு என்றும் கேட்கலாம். இந்தியத் தரக் குறியீடான ஐஎஸ் 10500, டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. அந்த வீட்டில் கெடுதியான வேறு எதுவும் தண்ணீரில் இல்லை என்று லேபில் தெரிந்தால் யூவி போதும்.

டேங்கு நிரம்பிய பிறகும் கழிவு ஓடிக்கொண்டே இருக்கிறது

பிளக்கைப் பிடுங்குங்கள். அப்படியும் ஓடினால் எஸ்வி மூடவில்லை; ஒரு மண் துகள் சிக்கியிருந்தாலும் போதும். பிளக்கைப் பிடுங்கியதும் நின்றால், மெஷினுக்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு போகவில்லை. ஃப்ளோட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஃப்ளோட்டின் தண்டில் வெள்ளையாக உப்புப் பூத்து, பாதி வழியில் நின்றுவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் கால் மணி நேரம் ஊறப்போட்டதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

கழிவுத் தண்ணீரைப் பாத்ரூமுக்கும் தரை துடைக்கவும் பிடித்து வைக்கலாம். கருவேப்பிலைச் செடிக்கு வேண்டாம். போர் தண்ணீர் 1200 என்றால் கழிவு 1600ஐத் தொடும்.

வாடை

வாடை எது என்று மூக்குதான் சொல்ல வேண்டும். பிளீச்சிங் வாடை என்றால் கார்பன் தீர்ந்தது, மேலே சொன்ன காரணத்தால் அன்றே மாற்றுங்கள். அழுகிய முட்டை வாடை குழாயிலேயே அடித்தால் போர் தண்ணீரின் குணம். குழாயில் இல்லாமல் மெஷினில் மட்டும் அடித்தாலோ, பாசி வாடை வந்தாலோ டேங்கைக் கழுவ வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் பெரும்பாலும் இதுதான். குளோரின் இல்லாத தண்ணீர் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் நின்றால் உள்சுவரில் வழவழப்பு ஏறும். யூவி விளக்கு டேங்குக்கு முன்னால் இருக்கும் மெஷினில், டேங்குக்குள் வளர்வதை அது தொடவே தொடாது.

டேங்கைக் காலி செய்து, ஐந்து லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத பிளீச் திரவம் (5 சதவீதம் உள்ளது) ஒரு டீஸ்பூன் கலந்து அரைமணி நேரம் விடுங்கள். குழாய் வழியாகவும் கொஞ்சம் திறந்து விடுங்கள். பிறகு வாடை போகும்வரை அலசுங்கள். பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதையும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். இந்தக் கலவை டேங்குக்கு மட்டும், மெம்பரேன் பக்கம் போகவே கூடாது.

நிறம், துகள்

கறுப்புப் பொடி: புதுக் கார்பனின் தூசி, முதல் பத்து லிட்டரைக் கொட்டிவிட்டால் நின்றுவிடும். பால்போல் வெளுப்பு: டம்ளரை மேசையில் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் காற்றுக் குமிழ், குடிக்கலாம். காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் பொடி: கடினத் தண்ணீர் எங்கிருந்தோ கலக்கிறது, அந்தக் கன்ட்ரோலர் ஸ்குரூவைப் பாருங்கள்.

மஞ்சள்தான் தொல்லை. போரிலிருந்து ஏறும்போது கண்ணாடிபோல் இருக்கும், வாளியில் அரை நாள் நின்றால் டீத்தண்ணீர் நிறம். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது. கேண்டில் ஒரு வாரத்தில் காவியானால் வீட்டு மெஷினால் சமாளிக்க முடியாது. மாடித் தொட்டிக்கு முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் பிளாட்டுக்கே பொதுவாகப் போட வேண்டும். அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொல்லி நான் தோற்றிருக்கிறேன். கலங்கல் தண்ணீருக்குப் பாட்டி குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைப்பார். கலங்கல் அடியில் படியும். ஆனால் கரைந்த உப்புக்கு அந்தக் கொட்டை பதில் சொல்லாது.

ஒழுகுகிறது, ஷாக் அடிக்கிறது

கனெக்டரில் ஒழுகினால் டியூபின் முனையை பிளேடால் நேராக வெட்டி, தடுக்கும்வரை உள்ளே தள்ளுங்கள். கோணலாக வெட்டினால் ஒழுகும். டெஃப்லான் டேப் மரை உள்ள இடத்துக்கு மட்டும். டியூபில் பல் தடம் தெரிந்தால் எலி. கேண்டில் கிண்ணம் ஒழுகினால் இன்னும் இறுக்காதீர்கள், ரப்பர் வளையத்தைப் பாருங்கள். ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

எல்லா எண்ணும் சரி, ஆனாலும் வீட்டில் வயிற்றுப்போக்கு

டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரில் கரண்ட் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதை. அதிலிருந்துதான் உப்பைக் கணிக்கிறது. கிருமி அதன் கண்ணுக்குப் படாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடும் அப்படித்தான், கூட ஒரு மில்லிகிராம் ஏறியதை மீட்டர் தனியாகக் காட்டாது. ஆக 80 என்று காட்டும் தண்ணீரிலும் கோளாறு இருக்கலாம்.

யூவி விளக்கு எரிகிறதா என்று இண்டிகேட்டரைப் பாருங்கள், விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். எரிந்தால் மட்டும் போதாது. சுமார் 8000 மணி நேரம் தாண்டினால் வெளிச்சம் இருக்கும், கிருமியைக் கொல்லும் பலம் குறைந்திருக்கும். தொடர்ந்து எரியும் மாடலில் அது ஒரு வருடக் கணக்கு. பிறகு டேங்கை மேலே சொன்னபடி கழுவுங்கள். கழுவியபின் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுக்கும் சின்னக் குப்பிகள் விற்கின்றன. விவரமாக வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன, சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் தண்ணீர் சோதிக்கிறார்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், வீட்டிலிருக்கும் கூல் டிரிங்க் பாட்டில் உதவாது.

முடிவு வரும்வரை மெஷின் தண்ணீரையும் தளதளவென்று கொதிக்கவிட்டு, எவர்சில்வர் குடத்தில் மூடி வைத்துக் குடியுங்கள். குடத்துக்குள் டம்ளரை விட்டு மொள்ளாமல், கரண்டியால் எடுங்கள்.